வைத்தியப் பட்டமும் அதன்பின் வழிகளும்

வைத்தியக் கல்லூரியில் ஆண்டுக்கணக்காக உடலின் அமைப்பையும் நோயின் இயல்பையும் மருந்தின் குணத்தையும் கற்று, வார்டுகளில் இரவு பகல் பாராது நின்று, பரீட்சைகளில் தேறிப் பட்டமும் கையுமாக வெளியே வருகிற இளைஞனையும் யுவதியையும் முதலில் எதிர்கொள்வது, ‘இனி என்ன செய்வது?’ என்ற கேள்வியே. மேலே படிப்பதா, சர்க்கார் உத்தியோகத்தில் அமர்வதா, சொந்த ஊரில் கிளினிக் வைப்பதா, கடல் கடந்து செல்வதா, ஆராய்ச்சியில் இறங்குவதா என்று வீட்டாரும் ஆசிரியர்களும் தோழர்களும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். செவிலியர் பட்டமும் மருந்தியல் பட்டமும் பெற்றவர்களுக்கும் இதே கவலைதான். இது இன்று நேற்று முளைத்த கவலையன்று. சென்னை ராஜதானியில் மேனாட்டு வைத்தியம் போதிக்கத் தொடங்கிய நாள்தொட்டு ஒவ்வொரு தலைமுறையும் இக்கேள்விக்குத் தன் காலத்துக்கேற்ற விடையைக் கண்டிருக்கிறது. அந்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, பட்டத்துக்குப் பின்னுள்ள வழிகள் தாமாகத் தோன்றியவை அல்ல என்பதும், அவற்றுட் சில ஆள்வோரின் தேவையாலும் சில நோயாளியின் தேவையாலும் உண்டானவை என்பதும் தெளிவாகும்.

சென்னைக் கோட்டைக்குள் 1664ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்காக ஏற்பட்ட சிறு ஆஸ்பத்திரி, 1772ஆம் ஆண்டில் இப்போதுள்ள இடத்துக்கு மாறி, நாளடைவில் பொது ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. அதை ஒட்டி, 1835ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 2ஆம் தேதி கவர்னர் ஸர் பிரெடரிக் ஆடம் ஒரு மெடிகல் ஸ்கூலைத் திறந்து வைத்தார்; டாக்டர் மார்ட்டிமர் அதன் தலைவராக அமர்ந்தார். அங்கே சேர்ந்த ஆங்கிலோ-இந்திய இளைஞர்களும் இந்திய இளைஞர்களும் பட்டதாரிகளாகும் நோக்கத்தோடு வந்தவர்கள் அல்லர். பட்டாளத்துக்கு அப்போதிக்கரிகளும் டிரெஸ்ஸர்களும் வேண்டியிருந்தார்கள். அந்தக் குறையை உள்ளூரிலேயே நிவர்த்தி செய்துகொள்ளக் கம்பெனி செய்த ஏற்பாடே அப்பள்ளி. மருந்து கலக்கவும், புண்ணைக் கழுவிக் கட்டவும், வெள்ளைக்கார சர்ஜனின் உத்தரவை நிறைவேற்றவும் பழக்கப்பட்ட அந்த இளைஞர்களுக்குப் படிப்பு முடிந்தபின் வழியைத் தேர்ந்தெடுக்கும் சிரமம் இருக்கவில்லை. எந்த ரெஜிமெண்டுக்கு அனுப்புகிறார்களோ அங்கே போக வேண்டியதுதான்.

அப்பள்ளி 1850இல் சென்னை மெடிகல் காலேஜ் என்னும் பெயரைப் பெற்றது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றவே, கல்லூரியின் வித்தியார்த்திகளுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்கும் மார்க்கமும் உண்டாயிற்று. எல்.எம்.எஸ். என்ற தேர்ச்சியும், எம்.பி.சி.எம். என்ற பட்டமும், அதன் இடத்தில் பின்னாளில் வந்த எம்.பி.பி.எஸ். பட்டமும் தமிழ்க் குடும்பங்களில் பெருமையுடன் உச்சரிக்கப்பட்டன. பட்டங்கள் உயர்ந்தனவேயன்றி, உத்தியோக வரிசை அதற்கு ஈடாக உயரவில்லை. ஜில்லா ஆஸ்பத்திரிகளின் தலைமையும் கல்லூரியின் ஆசிரியர் பீடங்களும் பெரும்பாலும் இந்தியன் மெடிகல் சர்வீஸ் எனப்பட்ட ஐ.எம்.எஸ். உத்தியோகஸ்தர்களுக்கே உரியனவாக இருந்தன. அந்தச் சர்வீஸுக்கான போட்டிப் பரீட்சை 1855 முதல் இந்தியருக்கும் திறந்துவிடப்பட்டது உண்மைதான். ஆயினும் பரீட்சை நடந்த இடம் லண்டன். கப்பற் கட்டணமும் அங்கே தங்கும் செலவும் சாமானியக் குடும்பத்தால் தாங்கக்கூடியவை அல்ல. கடல் கடந்தால் ஜாதிப் பிரஷ்டம் என்ற அச்சமும் அப்போது பலரைத் தடுத்தது. ஆகவே, சென்னையில் முதல் வகுப்பில் தேறியவர்கூட அஸிஸ்டென்ட் சர்ஜனாகச் சேர்ந்து, தாலுகா ஆஸ்பத்திரியில் காலையில் நோயாளிகளைப் பார்த்து, பகலில் போஸ்ட்மார்ட்டமும் கோர்ட்டுச் சாட்சியமுமாக அலைந்து, காலராக் காலங்களில் கிராமம் கிராமமாகத் திரிந்து, தம்மினும் வயதிலும் அநுபவத்திலும் குறைந்த மேலதிகாரிக்குக் கீழே உழைத்து ஓய்வு பெறுவதே வழக்கமாயிருந்தது.

இந்த நிலையிலிருந்து மீள்வதற்கு இருந்த உபாயங்கள் இரண்டு. வசதியுள்ளவர்கள் எடின்பரோவுக்கோ லண்டனுக்கோ சென்று எப்.ஆர்.சி.எஸ்., எம்.ஆர்.சி.பி. முதலிய தேர்ச்சிகளைப் பெற்றுத் திரும்பினார்கள். சென்னையில் தொடங்கிய வைத்தியப் படிப்பை எடின்பரோவில் நிறைவு செய்து, அங்கேயே எம்.டி. பட்டமும் பெற்று வந்து, காது மூக்குத் தொண்டை வைத்தியத்தில் பேர் வாங்கிய டி. எம். நாயர், 1916இல் ஜஸ்டிஸ் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். மற்றோர் உபாயம், சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டுத் தனித் தொழில் நடத்துவது. கும்பகோணத்தை அடுத்த ஊரிற் பிறந்து சென்னையிலேயே பயின்ற டாக்டர் எஸ். ரங்காச்சாரி, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ரண சிகிச்சையில் கீர்த்தி பெற்று, பின்பு வேலையைத் துறந்து, விமானத்திலே பறந்து சென்றுகூட நோயாளிகளைக் கண்டவர். 1934இல் அவர் மறைந்தபின் பொது ஆஸ்பத்திரியின் முன்னே சிலையாக நின்றார். எந்த ஆஸ்பத்திரியின் வரிசைகள் இந்தியரை நெடுங்காலம் கீழ்ப்படியில் நிறுத்தியிருந்தனவோ, அதன் வாசலிலேயே ஓர் இந்திய வைத்தியருக்கு அந்த மரியாதை கிடைத்தது. 1939இல் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் கல்லூரியின் முதல் இந்தியத் தலைவராக அமர்ந்ததோடு, நூறாண்டுக்கு மேல் நீடித்த ஒரு தடை நீங்கிற்று.

சென்னையில் இப்படி உத்தியோகமே பட்டத்தின் முடிவாக இருந்த காலத்தில், கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஓர் அமெரிக்கர், பட்டத்துக்குப் பின் மாணவன் எங்கே போகிறான் என்பதையே ஆதாரமாக வைத்து வைத்தியக் கல்வியைத் திருத்தி அமைத்தார். அவர் 1847இல் இலங்கைக்கு வந்த ஸாமுவேல் பிஸ்க் கிறீன். அடுத்த ஆண்டே சில மாணவர்களைச் சேர்த்து ஆங்கிலத்தில் போதிக்கத் தொடங்கியவர், தம்மிடம் தேறியவர்கள் சர்க்கார் வேலைகளை நாடி யாழ்ப்பாணத்துக் கிராமங்களை விட்டுப் போய்விடுவதைக் கண்டார். ஆங்கிலத்தில் கற்ற வைத்தியம் மாணவனை அவன் ஊரிலிருந்து பிரிக்கிறது. தமிழில் கற்பித்தால் அவன் தன் மக்களிடையே தங்குவான் என்று அவர் தீர்மானித்தார். தீர்மானித்ததோடு நிற்காமல், தாம் தமிழ் பயின்று, மாணவர்களின் துணையுடன் அங்க அமைப்பு, ரண சிகிச்சை, பிரசவம், ரசாயனம் ஆகிய துறைகளின் பெருநூல்களைத் தமிழாக்கி, 1864 முதல் தமிழிலேயே பாடம் நடத்தினார். ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைவுகள். 1873இல் அவர் தாயகம் திரும்புவதற்குள் 60க்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் உருவாகியிருந்தார்கள். தமிழில் விஞ்ஞானம் சொல்ல முடியும் என்பதற்குச் சான்றாகவே கிறீனை நாம் பெரிதும் நினைக்கிறோம்; அதற்குச் சமமாக நினைக்கத்தக்க மற்றொன்றும் அவர் செய்கையில் உண்டு. படிப்பு முடிந்தவன் போகும் திசையைப் படிப்பின் அமைப்பே நிர்ணயிக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டு, திசை தவறியதற்காக மாணவனை நிந்திக்காமல் படிப்பையே மாற்றினார்.

ஆண்களுக்கு உத்தியோகத்தின் மேற்படிகள் மூடியிருந்தன என்றால், பெண்களுக்குக் கல்லூரியின் வாசலே மூடியிருந்தது. பாரிஸ்டரான தம் கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப், அந்தப்புரங்களில் வாழ்ந்த ஸ்திரீகள் ஆண் வைத்தியரைப் பார்க்கவும் கூசிப் பிரசவ வேதனையில் மடிவதைக் கேட்டு உள்ளம் கலங்கினார். 1875இல் அவரும் வேறு மூவரும் சென்னை மெடிகல் காலேஜில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அதற்கு ஸர்ஜன் ஜெனரலாக இருந்த எட்வர்ட் பால்பரின் ஆதரவு பேருதவியாயிற்று. 1878இல் தேர்ச்சி பெற்ற அந்த அம்மையார் அத்துடன் திருப்தியடைந்து சென்னையிலேயே தொழில் தொடங்கியிருக்கலாம். அதே ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. அவர் லண்டன் சென்று, 1882இல் பிரசவ சாஸ்திரத்தில் தங்கப் பதக்கத்துடன் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே சென்னைக்குத் திரும்பினார். 1885இல் அவர் முயற்சியால் கோஷா ஸ்திரீகளுக்கென ஏற்பட்ட ஆஸ்பத்திரியே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபாய் காந்தி ஆஸ்பத்திரி என வழங்குவது. இங்கிலாந்தில் பெற்ற உயர் கல்வி சென்னைப் பெண்களின் பிரசவ அறைக்கே திரும்பி வந்தது. அதற்காகத்தான் அவர் அதைத் தேடிப் போனார்.

அந்த வாசல் வழியே நுழைந்தவர்களுள் நம் நாட்டுக்குப் பெருநிதியாக வாய்த்தவர் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1907இல் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் உயர்ந்த தேர்ச்சியுடன் பட்டம் பெற்று, எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக அமர்ந்த முதற் பெண்மணி அவர். 1925இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்று திரும்பிய அவருக்காகப் பெரிய பிராக்டிஸும் பெருஞ்செல்வமும் காத்திருந்தன. அவரோ சட்டசபை அங்கத்தினர் பதவியை ஏற்று, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி, 1930இல் ஆதரவற்ற பெண்களுக்காக ஒளவை இல்லத்தை நிறுவினார். தம் தங்கை புற்றுநோயால் மாண்ட துயரம் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தது. அந்நோயைச் சரியாக அறியவும் சிகிச்சை செய்யவும் தென்னாட்டில் தக்க ஓர் ஸ்தாபனம் இல்லாமையே அவரை வருத்திற்று. பல்லாண்டு முயற்சிக்குப்பின் 1952இல் பண்டித நேரு அஸ்திவாரமிட, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. வைத்தியப் பட்டம் ஒருவரை எத்தனை துறைகளுக்கு அழைத்துச் செல்லக்கூடும் என்பதற்கு அவ்வம்மையாரின் ஜீவியத்தைக் காட்டிலும் சிறந்த உதாரணம் காண்பது அரிது.

பட்டதாரிகளின் சரித்திரத்தைச் சொல்லும்போது, பட்டமில்லாத வைத்தியர்களை மறந்துவிடலாகாது. ராயபுரம் முதலிய மெடிகல் ஸ்கூல்களில் பயின்று எல்.எம்.பி. தேர்ச்சியோடு வெளிவந்தவர்களே நம் சிற்றூர்களின் வைத்தியத் தேவையில் பெரும் பங்கைச் சுமந்தார்கள். மாட்டுவண்டியும் மருந்துப் பெட்டியுமாகச் சென்று, பாம்புக்கடிக்கும் மலேரியாவுக்கும் பிரசவச் சிக்கலுக்கும் ஒருசேர வைத்தியம் பார்த்த அவர்களைப் பட்டதாரிகள் ஒரு படி கீழாகவே நடத்தினார்கள். 1918இல் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கட்டர் பெண்களுக்காகத் தொடங்கிய வைத்தியப் பள்ளியும் எல்.எம்.பி. தேர்ச்சிக்குத்தான் மாணவிகளைத் தயாரித்தது. அதே காலப்பகுதியில் சென்னை சர்க்கார், வைத்தியர்கள் கிராமங்களில் குடியேறினால் ஆண்டுதோறும் மானியம் கொடுக்கும் திட்டமொன்றையும் நடத்தியது. சம்பள உத்தியோகத்துக்கும் முழுத் தனித் தொழிலுக்கும் நடுவே ஒரு மூன்றாம் வழியாக அது விளங்கிற்று. சுகாதாரத்துக்கெனத் தனி இலாகா 1920களின் தொடக்கத்தில் அமைந்தபோது, பொதுச் சுகாதாரப் பட்டயம் பெற்றவர்களுக்கு ஹெல்த் ஆபீசர் என்னும் புதிய உத்தியோகமும் பிறந்தது. மருந்தெழுதுவதை விட்டுக் குடிநீரையும் கழிவுநீரையும் அம்மை குத்துவதையும் மேற்பார்வையிடும் அப்பணிக்கு, இந்தியாவிலேயே முதன்முதலாக 1939இல் நிறைவேறிய சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் உறுதியான அதிகாரத்தை அளித்தது.

வழிகள் அனைத்தும் அடைபட்டபின் ஒருவன் தனக்கென வழி உண்டாக்கிக்கொண்ட வரலாறும் சென்னைக் கல்லூரிக்கு உண்டு. கோதாவரிக் கரைப் பிரதேசத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் மாணவராயிருந்தபோது, காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதராடை உடுத்தி ரண சிகிச்சை வகுப்புக்கு வந்தார். அதை விரும்பாத ஆசிரியரின் அதிருப்தியால் அவருக்கு எம்.பி.பி.எஸ். மறுக்கப்பட்டு, எல்.எம்.எஸ். மட்டுமே கிடைத்தது. சர்க்கார் வைத்திய இலாகாவில் இடம் பெறாமல், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராக அமர்ந்தார். மாமனாரின் உதவியையும் ஒரு தரும ஸ்தாபனத்தின் உதவியையும் பெற்று 1923இல் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் படிப்பைத் தொடர்ந்தார். அங்கே அவரும் பிஸ்க் என்ற ஆசிரியரும் ரத்தத்தில் பாஸ்பரஸை அளவிடக் கண்ட முறை, ரசாயனசாலைகளில் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. பின்பு லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியிலே போலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. யானைக்கால் நோயை உண்டாக்கும் கிருமிக்கு எதிரான மருந்தும் வெளிவந்தது. ஸ்புரூ என்ற குடல் நோயால் இளமையிலேயே சகோதரர்களை இழந்தவர் அவர். அந்நோய்க்குப் போலிக் அமிலமே மருந்தாயிற்று. யானைக்கால் நோய் தமிழ்நாட்டுக் கடலோரங்களையும் காவிரிப் படுகையையும் வாட்டி வந்த வியாதி. சென்னையில் பட்டம் மறுக்கப்பட்டவரின் உழைப்பு, அவர் கண்ணாலும் பார்த்திராத எத்தனையோ குடும்பங்களுக்கு மருந்தாய் வந்து சேர்ந்தது. 1948இல் அவர் காலமானார். அவர் பெயரை நம் மாணவர்கள் இன்னும் போதுமான அளவு அறியவில்லை என்பது வருந்தத்தக்கது.

சுதந்திரம் நெருங்கிய காலத்தில் இந்த வழிகள் யாவும் மறுபடி அளந்து பார்க்கப்பட்டன. நாட்டின் சுகாதார நிலையை ஆராய, போர் என்பவரின் தலைமையில் 1943இல் நியமிக்கப்பட்ட கமிட்டி 1946இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் உறுப்பினர்களுள் லட்சுமணசுவாமி முதலியாரும் ஒருவர். நாட்டில் ஏறத்தாழ 6,300 பேருக்கு ஒரு வைத்தியரும் 43,000 பேருக்கு ஒரு செவிலியும் இருந்த அவலநிலையை அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது. எல்.எம்.பி. முறையை ஒழித்து நாடெங்கும் ஒரே தரமான வைத்தியப் பட்டம் வேண்டும் என்பது அதன் முடிவு. வைத்தியர் பஞ்சம் நிலவும்போது இருப்பவர்களையும் ஏன் குறைப்பது என்று சில உறுப்பினர்கள் மாறுபட்டதும் உண்டு. சென்னையில் அம்மாறுதல் முன்னரே தொடங்கிவிட்டது: ராயபுரம் பள்ளி 1938இல் ஸ்டான்லி மெடிகல் காலேஜ் ஆயிற்று, வேலூர்ப் பள்ளி 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பைத் தொடங்கி, 1947இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. தரம் உயர்ந்தது நன்மையே. ஆயினும் கிராமத்தில் தங்கியிருந்த எல்.எம்.பி. வைத்தியர் ஓய்ந்தபின் அவர் நாற்காலியில் அமர வருவது யார் என்ற கேள்விக்கு, ஒரே தரமான பட்டம் தானாக விடை தந்துவிடவில்லை. பட்டம் பெற்றவர்களின் கண் பட்டணத்தின் மீதும், மேற்படிப்பின் மீதும், மேல்நாட்டின் மீதுமே சென்றது.

செவிலியர் நிலையும் இக்காலத்திற்றான் உயரத் தொடங்கிற்று. சென்னையில் 1871இலேயே தாதிப் பயிற்சி ஆரம்பமாகியிருந்தும், 1926இல் செவிலியரையும் தாதியரையும் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்தும், பயிற்சி பெற்ற பெண்ணுக்கு வார்டுச் சிஸ்டர், மேட்ரன் என்ற இரண்டு மூன்று பதவிகளுக்கு மேல் வளர்ச்சி இருக்கவில்லை. 1946இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியர் பட்ட வகுப்புகள் தொடங்கியபின், அத்தொழில் பல்கலைக்கழகத்தின் அந்தஸ்தைப் பெற்று, முதுகலைப் படிப்புக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் இடமளிப்பதாயிற்று.

அடுத்த இருபது ஆண்டுகள், மேற்படிப்பு என்பதன் பொருளே விரிந்த காலம். அதுவரை மேற்படிப்பால் உயர்ந்தவை பதவியும் கட்டணமும்; இக்காலத்திலோ, நாட்டில் இல்லாத ஒரு துறையைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு அது கருவியாயிற்று. மாண்ட்ரியலில் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரிலும், இங்கிலாந்தில் பயின்ற பி. ராமமூர்த்தி 1950இல் சென்னைப் பொது ஆஸ்பத்திரியிலும் மூளை நரம்பு ரண சிகிச்சையைத் தொடங்கினார்கள். சென்னைக் கல்லூரியிலே பட்டம் பெற்ற எம். சாரதா மேனன், பெங்களூரில் மனநோய் வைத்தியம் பயின்று, கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியின் தலைமையை 1961இல் ஏற்று, பூட்டிய அறைகளில் கிடந்தவர்களை மனிதராக நடத்தும் சிகிச்சைக்கு வழி வகுத்தார்.

வேலூர்ப் பட்டதாரியான டாக்டர் மேரி வர்கீஸின் கதை இவற்றுள் உள்ளத்தை உருக்குவது. பிரசவ வைத்தியராக விரும்பி அதில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த அவருக்கு, 1954இல் ஏற்பட்ட மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போயிற்று. அங்கே குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை ரண சிகிச்சையால் நிமிர்த்திக் கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்டின் தூண்டுதலால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அச்சிகிச்சையைக் கற்றுச் செய்தார். அதன்பின் நியூயார்க் சென்று உடலியக்க மறுவாழ்வு வைத்தியம் பயின்று வந்து, 1963இல் வேலூரில் அத்துறைக்கெனப் புதிதாக ஏற்பட்ட பிரிவைத் தலைமையேற்று நடத்தினார். 1966இல் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. தண்டுவடம் அறுந்தவர்களுக்கு ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய காலம் அதனால் முடிவுக்கு வந்தது. ரண வைத்தியரோடு பிஸியோதெரபியில் தேர்ந்தவரும், செயற்கைக் கால் செய்பவரும், சமூக ஊழியரும் ஒரே வரிசையில் நின்று பணிபுரியும் முறைக்கும் அது இடமாயிற்று.

இதற்கு இணையாக மதுரையில் நிகழ்ந்தது டாக்டர் கோ. வெங்கடசாமியின் சாதனை. வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த அவர், உறவுப் பெண்கள் மூவர் பிரசவ காலத்தில் மாண்டதைக் கண்டு பிரசவ வைத்தியராக விரும்பியே ஸ்டான்லியில் படித்து 1944இல் தேறினார். ராணுவ வைத்தியப் படையில் இருந்தபோது கொடிய மூட்டுவாதம் தாக்கி, கைவிரல்கள் கோணிப்போயின. பிரசவ வைத்தியம் இனி ஆகாதென்றாயிற்று. அவர் எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரியில் மேற்படிப்புப் பயின்று, கோணிய விரல்களுக்கேற்பக் கருவி பிடிக்கப் பழகி, மதுரை சர்க்கார் ஆஸ்பத்திரியின் கண் வைத்தியத் தலைவராகி, ஊர் ஊராக முகாம் நடத்தினார். 58 வயதில் ஓய்வு பெற்றதும், 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணமுள்ளவரிடம் பெற்ற கட்டணத்தைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகப் பார்வை அளித்த அந்த முறை, கிராமத்துப் பெண்களைப் பயிற்றிக் கண் வைத்திய உதவியாளர்களாக்கி, அவர்களுக்கும் ஒரு கௌரவமான தொழிலைத் தந்தது.

அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தின் கதையில் தேர்ந்தெடுப்பின் அருமை இன்னும் துலக்கமாகத் தெரியும். 1949இல் பட்டமும், 1952இல் பிரசவ வைத்தியப் பட்டயமும், 1955இல் எம்.டி.யும் பெற்ற டாக்டர் வி. சாந்தா, சர்வீஸ் கமிஷனால் எழும்பூர் ஆஸ்பத்திரி உத்தியோகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். நிச்சயமான சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள அந்த வேலையை விட்டு, முத்துலட்சுமி ரெட்டியின் புதல்வர் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி உழைத்துக்கொண்டிருந்த சிறு நிலையத்தில், பலரும் வேண்டாமென்று தடுத்தும் அவர் சேர்ந்தார். தம் வாழ்நாள் முடியும்வரை அங்கேயே இருந்தார். புற்றுநோய் ஒரு தனிச் சிறப்புத் துறையென நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளாதிருந்த காலத்தில் தொடங்கிய அந்த நிலையமே, 1984இல் இந்தியாவிலேயே முதலாவதாக அத்துறையில் டி.எம்., எம்.சி.எச். என்னும் உயர் பட்ட வகுப்புகளை ஏற்படுத்தியது. தமக்கு எந்த வகுப்பும் இல்லாதிருந்த துறையை, பின்வருவோர் வகுப்பில் அமர்ந்து கற்கத்தக்கதாக அவர்கள் ஆக்கினார்கள்.

இவ்வாறு தனிமனிதரின் மனவுறுதியால் ஆனவை ஒருபுறமிருக்க, கிறீன் கண்ட உண்மையைச் சர்க்காரும் வேறு வகையில் கைக்கொண்டதைச் சொல்லாமல் விடலாகாது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சேவை செய்யும் அரசு மருத்துவர்களுக்கு முதுகலைப் படிப்பின் இடங்களிற் பாதியை ஒதுக்கும் முறை நெடுங்காலம் நடந்து வந்தது; படித்து முடித்தவர்கள் மீண்டும் அரசுப் பணிக்கே திரும்ப வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கிராமச் சேவையை மேற்படிப்புக்கு இடையூறாக நினைத்த இளைஞருக்கு, அச்சேவையே மேற்படிப்பின் வாசலாயிற்று. ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கோ தேர்ந்த நிபுணர்கள் கிடைத்தார்கள். அனைத்திந்திய விதிகளால் அதற்கு இடையூறு நேர்ந்தபோது, 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அவ்வாறு ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 1988இல் பணியைத் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், வைத்தியத்தோடு செவிலியம், மருந்தியல், பிஸியோதெரபி முதலிய பட்டங்களையும் ஒரே குடைக்கீழ்க் கொணர்ந்ததால், முன்பு பெரும்பாலும் வைத்தியருக்கே இருந்த மேற்படிப்பு வாய்ப்பு ஏனைய சுகாதாரத் துறையினருக்கும் விரிந்தது.

இச்சரித்திரம் இன்றைய பட்டதாரிக்கு எந்த ஒரு வழியையும் விதித்துவிடவில்லை. ரங்காச்சாரியின் தனித் தொழிலும், ஹெல்த் ஆபீசரின் உத்தியோகமும், சுப்பாராவின் ஆய்வுக்கூடமும், முத்துலட்சுமி அம்மையாரின் பொதுவாழ்வும் ஒவ்வொரு விதத்தில் உயர்ந்தவையே. குடும்பச் சுமையும் கடனும் உள்ள இளைஞர் நல்ல வருமானத்தை நாடுவதையும் யாரும் குறை கூற முடியாது. ஆனால், எந்தப் படிப்புக்கு மதிப்பு அதிகம், எந்தப் பதவிக்குச் சம்பளம் அதிகம் என்ற விசாரணை மட்டும் ஷார்லீபையோ, வர்கீஸையோ, சாந்தாவையோ அவர்கள் சென்ற இடத்துக்குக் கொண்டுபோயிருக்க மாட்டாது. வைத்தியரைக் காணாத நோயாளி யார் என்று அவர்கள் முதலில் பார்த்தார்கள். அவருக்கு வேண்டியதைக் கற்கவே பின்பு புறப்பட்டார்கள். முதியோர் பெருகிவரும் நம் வீடுகளிலும், தீராத நோயின் வலியோடு கடைசி நாட்களைக் கழிப்பவர்களிடையிலும், பேச்சு வராத குழந்தைகளிடையிலும், மனநோயை மறைத்து வாழும் குடும்பங்களிலும் அப்படிப்பட்ட நோயாளிகள் இன்றும் எத்தனையோ பேர். அவர்களுக்காகக் கற்க விரும்பும் மாணவருக்கு வகுப்பும் உதவிச் சம்பளமும் உத்தியோகமும் ஏற்படுத்துவது அரசின் கடமை; மனவுறுதி உள்ளவர்களின் தியாகத்தையே நம்பி ஒரு நாட்டின் ஆரோக்கியத்தை நடத்திவிட முடியாது. மேற்படிப்பின் பயனை அளப்பதற்கு இந்த நூற்றெண்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளும் நமக்குத் தரும் அளவுகோல் ஒன்றே: ஒருவர் அரும்பாடுபட்டுத் தேடிக் கற்றது, அவருக்குப்பின் வரும் மாணவருக்கு எளிதில் கிடைக்கும் பாடமாகவும், நோயாளிக்கு எளிதில் எட்டும் சிகிச்சையாகவும் ஆகிவிட்டதா என்பதே அது.